சாவியம்மாவின் கைதி

முதலில் மூக்குதான் போயிற்று. மாவுக்கட்டு என்று ஊர் கூப்பிடுகிற பெரியவர் உளியை வைத்து லேசாகத்தான் தட்டினார். அதற்கே மூக்கு முழுசாகக் கழன்று கைதியின் முழங்காலில் விழுந்து, அங்கிருந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. கம்பிக்கு வெளியே நின்ற சாவியம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை தன்பாட்டுக்குப் போய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தட்டுமா? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. மூக்கை ஒட்டிக் குடுத்துடலாம்" என்றார் மாவுக்கட்டு, திரும்பிப் பார்க்காமலே.

"வேண்டாம்ண்ணே. ஆகட்டும்."

"போனா வராதும்மா. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இத்தனை வருஷம் போச்சு. தட்டுங்க."

அவர் தட்டினார். கன்னம் பொருக்காக உதிர்ந்தது. லாக்கப்பின் கல் மேடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொம்மைக் கைதிக்கு வலிக்கவா போகிறது? வலித்தது முழுக்க வெளியே நின்றவளுக்குத்தான். ஏனென்றால் அந்தத் திருடனின் முகம் அவளுடைய கூடப்பிறந்த தம்பியின் முகம். தம்பி இப்போது இல்லை. மழைக்காலத்தில் எங்கோ தூரத்து நகரத்தில் நோயில் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டான். இவளுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்று மதிய பஸ்ஸில் அவன் மகள் வருகிறாள். அத்தையை இதுவரை நேரில் பார்த்திராத பெண், அப்பா வளர்ந்த ஊரைப் பார்க்க வருகிறாள். "உங்க மியூசியத்தையும் பாக்கணும் அத்தை" என்று போனில் வேறு சொல்லிவிட்டாள். அப்பனைப் பறிகொடுத்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, கைவிலங்கு மாட்டி, கம்பிக்குள் உட்கார்த்திவைத்த அப்பனையா காட்டுவது? கீழே 'திருடன்' என்று அட்டை வேறு.

அட்டையை நேற்றே எடுத்துவிட்டாள். முகத்தை என்ன செய்வது? பொம்மையைத் தூக்கி உள்ளே போடலாம் என்றால் அது மேடையோடு சேர்த்துப் பூசப்பட்டது, அசையாது. துணியைப் போட்டு மூடினால் வருகிறவர்கள் முதலில் அந்தத் துணியைத்தான் விலக்குவார்கள். இதெல்லாம் சாக்குதான், அதுவும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. 'அதை எடுத்துடு' என்று அவன் ஒரே ஒருமுறை கேட்டான். அன்றைக்குச் செய்யவில்லை. இன்றைக்காவது செய்துவிடுவோம் என்றிருந்தது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் போலீஸ் ஸ்டேஷன். போலீஸ்காரர்கள் புதுக் கட்டடத்துக்குப் போனபிறகு, யாருக்கும் வேண்டாத இடத்தை யாருக்கும் வேண்டாத சாமான்களுக்கு என்று நகராட்சி ஒதுக்கிக் கொடுத்தது. வாசல் பலகையில் 'ஊர் வரலாற்று அருங்காட்சியகம்' என்று கம்பீரமாக எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஓட்டை உடைசல் ஆபீஸ்'. பாலம் வருவதற்கு முன்னால் ஓடிய படகின் வெண்கல மணி, முதல் சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னல், ஊரின் முதல் பல் டாக்டர் உபயோகித்த நாற்காலி (அதைப் பார்த்துக் குழந்தைகள் இன்றும் அழும்), டெலிபோன் ஆபீஸின் பழைய இணைப்புப் பலகை, வெள்ளத்தில் மிதந்து வந்து யாரும் உரிமை கேட்காத ஒரு தையல் மிஷின். கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "வீட்ல வச்சுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல." சாவியம்மா வாங்கி வைத்துக்கொள்வாள். பூட்டு தொலைந்துபோன சாவிகளை ஊரே அவளிடம் கொண்டுவந்து கொட்டியதில்தான் அந்தப் பெயரே வந்தது. ஒரு சுவர் முழுக்கச் சாவி, ஒரு பூட்டு கிடையாது.

அங்கே அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வந்தது வந்தபடி இருக்கவேண்டும். கழுவாதே, தேய்க்காதே, பெயிண்ட் அடிக்காதே. ஒருமுறை நகராட்சியிலிருந்து வந்த பெருக்குகிற பெண் ஆசை ஆசையாகப் படகு மணியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். சாவியம்மா போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார். "எத்தனை கை பட்ட கறுப்பு தெரியுமா அது? எத்தனை பேர் அடிச்சு அடிச்சு வந்தது தெரியுமா?" என்று கத்தினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அப்படிப்பட்டவள்தான் இன்று உளியைக் கையில் கொடுத்து உடைக்கச் சொல்லிவிட்டு நிற்கிறாள்.

மியூசியம் திறந்த புதிதில், ஊரின் தொழில்களைக் காட்டுகிற ஆளுயரப் பொம்மைகள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததே தவிர சிற்பி வரவில்லை. ஊரில் கைவேலை தெரிந்தவர் என்று இருந்தது ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற ஒருவர்தான். ஊரில் பாதிப் பேர் கையும் காலும் அவர் கையில் கிடந்து எழுந்தவை. மாவுக்கட்டு என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். "காலுக்குப் போடுற மாவை மூஞ்சிக்குப் போட்டாப் போச்சு, இதுக்குப் போய் எதுக்கு சிற்பி?" என்றார். சொன்னபடி செய்தும் காட்டினார். முகத்தில் வாசலின் தடவி, மூக்கில் இரண்டு குழல் செருகி, மாவைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் எடுத்தால் அச்சு. அந்த அச்சுக்குள் மறுபடி மாவை ஊற்றி இறுகவிட்டு, மேலே இருக்கிற அச்சைத் தட்டித் தட்டி உடைத்தெடுத்தால் உள்ளே அசல் முகம்.

முகம் கொடுக்க ஊரில் அடிதடி. தபால்காரர் புது யூனிஃபார்மில் வந்தார். நர்ஸம்மா பவுடர் போட்டுக்கொண்டு வந்தார், மேலே மாவு அப்பப் போகிறார்கள் என்று தெரிந்தும். தையல்காரருக்கும் முடிவெட்டுகிறவருக்கும் யார் முன்கூடத்தில் உட்காருவது என்று சண்டை. எல்லாம் ஆயிற்று, லாக்கப்பில் உட்கார ஒரு திருடன் மட்டும் கிடைக்கவில்லை. ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிள் திருடி இரண்டு தரம் உள்ளே போய்வந்த ஒருவனைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள். "நமக்கும் ஊர்ல ஒரு மானம் மரியாதை இருக்குல்லங்க" என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் தம்பி வந்து நின்றான். சின்ன வயது, வாயாடி, கால் ஓரிடத்தில் தரிக்காது. மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கிடங்கில் சரக்கு இறக்கி ஏற்றிச் சரிபார்க்கிற வேலை. "தம்பி உடையாள் படைக்கு அஞ்சாள்னு சும்மாவா சொன்னாங்க? என் மூஞ்சியை எடுத்துக்கோ அக்கா. எப்படியும் வீட்ல எது காணாமப் போனாலும் என்னைத்தானே கேக்குறீங்க" என்றான். பழைய விசாரணை மேஜைமேல் படுத்தான். மாவுக்கட்டு மாவை அப்பிவிட்டு, "சிரிக்காதே, சுளிக்காதே, இறுகுற வரைக்கும் பொணம் மாதிரி கிட" என்று எச்சரித்தார். தம்பி கிடந்தான். இவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து அவன் காதருகே, "இன்னிக்குத்தான்டா வீட்டுக்கே நிம்மதி, உன் வாயை அடைச்சாச்சு" என்றாள். மாவுக்கடியில் அவன் வயிறு குலுங்கியது. மாவுக்கட்டு பதறிப்போய் இரண்டு பேரையும் திட்டினார். என்ன திட்டி என்ன, மாவு அந்தச் சிரிப்போடு இறுகிவிட்டது.

அச்சை உடைத்தபோது மேல் பாதி சில்லுச் சில்லாகப் போயிற்று. கீழ்ப் பகுதி, மோவாயோடு சேர்ந்த துண்டு, முழுசாகக் கையோடு வந்தது. கவிழ்த்துப் பார்த்தால் சின்னக் கிண்ணம் போல இருந்தது. "குண்டூசி போட்டு வச்சுக்கம்மா" என்று மாவுக்கட்டு அதை அவளிடம் கொடுத்தார். உள்ளே இருந்து வந்த முகத்தைப் பார்த்து எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டு, போலீஸையே கேலி செய்கிற மாதிரி ஒரு திருடன்.

திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் தபால்காரரையும் பார்க்கவில்லை, நர்ஸம்மாவையும் பார்க்கவில்லை. எல்லோரும் லாக்கப் முன்னால்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பிக்குள் கைவிட்டு அவன் காலைத் தொட்டுவிட்டு ஓடும். தம்பிக்கு 'லாக்கப்பு' என்று பெயர் வைத்தார்கள். "டேய் லாக்கப்பு, எப்படா வெளியே விட்டாங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "எங்க அக்காகிட்டதான் சாவி இருக்கு, அப்பப்ப தொறந்து விடுவா" என்பான் அவன். கேலி கேலியாக இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கிடங்கில் சர்க்கரை மூட்டைகள் குறைந்தன. யார் எடுத்தது என்று தெரியவில்லை. யாரும் அவன்மேல் புகார்கூடக் கொடுக்கவில்லை. முதலாளி ஒருநாள் சும்மா இருக்காமல், "மூஞ்சியைப் பாத்துத்தானே ஊரே பேர் வச்சிருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொன்னார், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நேற்றுவரை சிரித்துக்கொண்டே லாக்கப்பு என்றவர்கள் இன்று சிரிக்காமல் லாக்கப்பு என்றார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பெண்ணைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்கே வந்து, பொம்மையைப் பார்த்துவிட்டு, அதோடு சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். மூட்டைகளைக் கடத்தியது முதலாளியின் சொந்த மருமகன்தான் என்று பின்னால் வெளியே வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? அதற்குள் தம்பி ஊரைவிட்டே போயிருந்தான்.

போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் மியூசியத்துக்கு வந்தான். மூடுகிற நேரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அதை எடுத்துடு."

"என்னடா சின்னப் பிள்ளை மாதிரி? பொம்மைதானே."

"எடுத்துடேன்."

"அடுத்த வாரம் மூணு ஸ்கூல்லேர்ந்து வர்றாங்கடா. எல்லாம் இதைப் பாக்கத்தான் வருதுங்க. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா?"

"பாக்கலாம்டா."

அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், உளியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் எத்தனையோ தரம் நினைத்தாள். 'சரிக்கா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போனவன் போன நகரத்திலேயே வேலை, கல்யாணம், குழந்தை என்று தங்கிவிட்டான். அம்மா செத்ததற்கு வந்தான், தோள் கொடுத்தான், மியூசியத் தெருப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டான். எப்போதாவது போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, கால் வலி தேவலையா. அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

அவன் போனபிறகாவது பொம்மையை எடுத்திருக்கலாம். அதுதான் முடியவில்லை. மாற்றக்கூடாது என்கிற சட்டத்தைச் சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில், தினமும் காலையில் மெல்லிய பிரஷ்ஷால் அந்த முகத்தைத் தூசி தட்டுகிற ஒரு நிமிஷம் அவளுக்கு வேண்டியிருந்தது. தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தான், வயசே ஆகாமல், அவள் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு. அவனைத் துரத்திய அதே பொம்மைதான் அவளுக்குத் துணையாகவும் இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

"ஆச்சு" என்றார் மாவுக்கட்டு. முகம் இருந்த இடத்தில் புது மாவைப் பூசி, ஈரக்கையால் தடவிக்கொண்டிருந்தார். "வேற மூஞ்சி வேணும்னா என்னோடதை எடுத்துக்கோ. இனிமே எனக்குப் பொண்ணா பாக்கப் போறாங்க?"

"யார் மூஞ்சியும் வேண்டாம்ண்ணே. இப்படியே மொழுக்குனு இருக்கட்டும்."

அவர் கையைக் கழுவிக்கொண்டே, "கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரம்" என்று முணுமுணுத்தார். அவளைக் குத்திக்காட்டச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அவருக்கும் மனசு சரியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உதிர்ந்ததையெல்லாம் சாவியம்மா தானே கூட்டி அள்ளி ஒரு சாக்கில் போட்டாள். உதடு எது, கண் எது என்று பார்க்காமல் அள்ளினாள். பார்த்தால் ஒன்றிரண்டை எடுத்து ஒளித்துவைத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. குப்பை வண்டி தெருமுனையில் மணி அடித்ததும் ஓடிப்போய்ச் சாக்கைக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் அந்த நினைப்பு என்ன ஆகப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தம்பி மகள் மதியம் வந்தாள். தோளில் ஒரு பை, பஸ் தூசி படிந்த செருப்பு. "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறினாள். சாவியம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைத் தேடினாள். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்றிலும் தம்பி இல்லை. "அப்படியே உங்கம்மாவை உரிச்சு வச்சிருக்கே" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்பாவுக்கே அதுல கொஞ்சம் வருத்தம்" என்று சிரித்தாள் பெண். சிரிப்புகூட வேறு யாருடையதோ.

மாவுக்கட்டிடம் டீ வாங்கி வரச்சொல்லிவிட்டு சாவியம்மா சுற்றிக் காட்டினாள். படகு மணி, டிக்கெட் ஜன்னல், பல் டாக்டர் நாற்காலி. பெண் மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தாள், உம் கொட்டினாள். கண் மட்டும் அடுத்த வாசலுக்கு அடுத்த வாசல் என்று போய்க்கொண்டே இருந்தது. சாவிச் சுவருக்கு முன்னால் வந்ததும் அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"லாக்கப் எங்க அத்தை?"

"லாக்கப்பா? அது ஒண்ணுமில்லை, சும்மா ஒரு பழைய ரூம். உனக்கு யார் சொன்னா?"

"அப்பாதான்."

நடையைத் தாண்டி இருட்டான அந்த மூலைக்குப் பெண் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் அப்பன் நின்ற அதே இடத்தில் நின்றாள். கோழிமுட்டை மாதிரி கண்ணும் மூக்கும் இல்லாத வெள்ளைத் தலை அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

"இதுவா?"

"பழைய பொம்மைம்மா. காலம் ஆயிடுச்சில்ல, உதிர்ந்துபோச்சு."

பெண் குனிந்து தரையைப் பார்த்தாள். எவ்வளவு கூட்டினாலும் மாவு போகுமா? மேடையோரம் வெள்ளையாகப் படிந்திருந்தது. திறந்து கிடந்த கம்பிக்கதவு வழியாக உள்ளே போய், விரலால் பொம்மையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் ஈரம் ஒட்டியது.

"இன்னிக்கா உதிர்ந்துச்சு, அத்தை?"

பொய் சொல்லத் தெரியாதவள் ஒரு பொய்தான் சொல்ல முடியும். சாவியம்மா கம்பியில் சாய்ந்துகொண்டாள். "காலையிலதான். நீ பாக்கக்கூடாதுன்னு நாந்தான் உடைக்கச் சொன்னேன். உங்கப்பனைத் திருடனா உட்கார வச்சவ நாந்தான். எடுத்துடு எடுத்துடுன்னு கேட்டான், எடுக்கல. நீ வந்து அதைப் பாக்கணுமாடி கண்ணு?"

பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், சுடிதாரில் மாவு அப்பிக்கொள்வதைக்கூடக் கவனிக்காமல்.

"நான் அதைப் பாக்கத்தான் வந்தேன் அத்தை" என்றாள். "கடைசில அப்பா முகம் எப்படி ஆயிடுச்சு தெரியுமா? எலும்பும் தோலுமா, கண்ணு உள்ள போயி... கண்ணை மூடினா எனக்கு அந்த முகம்தான் வருது. நல்லா இருந்தப்ப எப்படி இருந்தார்னு மறந்தே போச்சு. போட்டோலயும் ஒண்ணுலகூட ஆடாம நின்னதில்ல. அவரே ஆஸ்பத்திரியில கண்ணாடியைப் பாத்துட்டு சொன்னார். இதைப் பாத்து பயந்துக்காத, என் நல்ல மூஞ்சியை ஊர்ல அக்காகிட்டக் குடுத்து வச்சிருக்கேன், அவ பூட்டிப் பத்திரமா வச்சிருப்பா, போய்ப் பாத்துக்கோன்னு."

சாவியம்மா கம்பியை விட்டு அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கோபமா சொன்னானா?"

பெண் கொஞ்சம் யோசித்தாள். "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சின்ன வயசுல எனக்குக் கதை மாதிரியே சொல்லுவார், எங்க அக்கா என்னைக் காவல் காக்குறான்னு. ஆனா ஊருக்குப் போலாமாப்பான்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவார். எது நிஜம்னு எனக்குத் தெரியல அத்தை."

இரண்டும் நிஜமாகத்தான் இருக்கும். சாவியம்மா திடீரென்று நிமிர்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இந்த வயதில் அந்த வலிக்கிற காலோடு ஓடினாள். வாசலில் டீயோடு வந்த மாவுக்கட்டு அவள்மேல் மோதிக்கொள்ளப் பார்த்தார். "எங்கம்மா ஓடுற?"

"சாக்கு... குப்பை வண்டி..."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "அது அப்பவே போயிருக்கும். குப்பைமேட்டுல புல்டோசர் போட்டு மட்டம் பண்ணியிருப்பாங்க" என்றார் மெதுவாக. டீ கிளாஸ்களை அலுவலக மேஜைமேல் வைத்துவிட்டு வெளித்திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அலுவலக அறையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. சாவியம்மா அலமாரியில் தேடி ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் எடுத்த ஒரே குடும்பப் படம். அம்மா, அப்பா, அவள். ஓரத்தில் தம்பி. சரியாக விளக்கு மின்னுகிற நேரம் பார்த்து எதையோ திரும்பிப் பார்த்திருக்கிறான், முகம் வெறும் புகையாக இழுபட்டிருந்தது. பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சும்மா இருக்கமாட்டார்ல?" என்றாள்.

"எங்க இருந்தான்?"

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெண் பையைத் திறந்து கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவனுடைய மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் காது ஒடிந்து நூல் சுற்றியிருந்தது. "இதை இங்க வைக்கலாமா அத்தை? அந்தப் பொம்மைக்குப் போட்டுவிடலாம்னு கொண்டு வந்தேன். கேலியாத்தான். அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீட்ல வச்சுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல" என்றாள்.

ஊர் முழுக்கச் சொல்லிக் கேட்ட வசனம். அதைக் கேட்டதும் சாவியம்மாவின் கைகள் பழக்கத்தில் வேலையைத் தொடங்கிவிட்டன. ஒரு அட்டையை உருவி எடுத்தன, பேனாவைத் திறந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றது. இன்னொரு கை குண்டூசிக்காக மேஜை மூலையிலிருந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் போயிற்று. ஊசிகளுக்கடியில் விரல் ஒரு பள்ளத்தில் பட்டு நின்றது.

இத்தனை வருஷமாக, ஒரு நாளைக்குப் பத்து தரம் கைவிட்ட கிண்ணம். அது எங்கிருந்து வந்தது என்பதே மறந்து, வெறும் கிண்ணமாகிப் போயிருந்தது. சாவியம்மா அதை இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தாள். குண்டூசிகள் சலசலவென்று கொட்டி நாலா பக்கமும் சிதறின, சில தரையில் விழுந்தன. புடவை முனையால் உட்புறத்தைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் நிறுத்திக்கொண்டாள். அப்படியே பெண்ணிடம் நீட்டினாள்.

"இதுதான் மொதல்ல அவன் மூஞ்சிமேல இருந்தது. இந்தப் பக்கம் அவன் தோல் பட்டது. மோவாயும் வாயும்தான் இருக்கு. மேல் பாதி அன்னிக்கே உடைஞ்சுபோச்சு."

பெண் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். உள்ளே குண்டூசிகள் கீறிக் கீறி உதடு இருந்த இடம் முழுக்கக் கோடுகள். ஆனாலும் மோவாயின் குழி தெரிந்தது. பெண் சுண்டுவிரலை உள்ளே விட்டு, தடவித் தடவி, ஒரு ஓரத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் மட்டும் பள்ளம் மேல்நோக்கி ஏறியது.

"இங்க என்ன?"

"சிரிச்சான். சிரிக்காதேன்னு சொல்லியும் சிரிச்சுட்டான். நான் ஒண்ணு சொன்னேன், அதுக்கு."

"என்ன சொன்னீங்க?"

சாவியம்மா சொல்லப் பார்த்தாள். 'உன் வாயை அடைச்சாச்சு' என்றதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டே கிண்ணத்தை மேஜைமேல், கொட்டிக்கிடந்த ஊசிகளை ஒதுக்கிவிட்டு, மெதுவாக மல்லாத்தி வைத்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து, அதற்கு மேலே, கண்கள் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தில், விரித்து வைத்தாள். கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிச் சரிசெய்தாள். கண்ணாடிக்கும் மோவாய்க்கும் நடுவில் வெறும் மேஜைப் பலகை இருந்தது. இருவரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.